"ஒண்டுமில்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள்: திருகோணமலை வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலும் பின்னேரக் கிளினிக் வைத்து நோயாளரைப் பார்க்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இதே நகரில் இரண்டு அறை எடுத்து உளவளத்துணை செய்து வருபவள் நான். உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். மற்றவர்கள் என் பெயர்ப்பலகையைக் கடந்து போயிருப்பீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் முதலில் உங்களிடம் வந்தவர்கள்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

கேட்க வந்தது ஒரேயொரு விஷயம். ஈ.சி.ஜி. சுத்தமாக வந்த பிறகு, இரத்தப் பரிசோதனையில் எதுவும் அகப்படாத பிறகு, "உங்களுக்கு ஒண்டுமில்லை, போயிட்டு வாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

என் அம்மாவுக்கு நெஞ்சு நோ தொடங்கியது 2005 இல், சுனாமிக்கு அடுத்த வருடம். எத்தனை இடத்தில் காசு கட்டி வைத்தியரைச் சனல் பண்ணினோம் என்பதற்கு இப்போது கணக்கில்லை. ஓரிடத்தில் ரிப்போட்டுகளைப் புரட்டிவிட்டு, "ஒண்டுமில்லை அம்மா, யோசிக்கிறதை விடுங்க" என்றார்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஓட்டோவில் திரும்பி வரும்போது அம்மா வெளியே பார்த்தபடி என்னிடம் கேட்டா: "அப்ப நான் பொய்யா சொல்லுறன்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். இன்றைக்கும் என் அறையில் அதே கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்கிறேன். நீங்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், இதயத்தில் பழுதில்லை என்ற நல்ல செய்தியைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் நோவோடு வந்தவர் காதில் அது "உன் நோ பொய்" என்று விழுகிறது. அவர் அடுத்த வைத்தியரிடம் போகிறார். அங்கே இன்னொரு ஈ.சி.ஜி. பிறகு எக்கோ. பிறகு கொழும்பு. வீட்டில் நகை அடகுக்குப் போகிறது.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமலில்லை. பகலெல்லாம் அரச வைத்தியசாலையில் நின்றுவிட்டு, பின்னேரம் ஐந்து மணிக்குக் கிளினிக் திறந்தால் வாசலில் நாற்பது பேர் துண்டோடு இருப்பார்கள். அதில் ஒருவருக்கு உண்மையிலேயே மாரடைப்பாக இருக்கலாம், அவரைத் தவறவிடக்கூடாது என்ற பாரம் உங்கள் தலையில். அந்த வேலையை நீங்கள் செய்வதால்தான் என் வேலையை நான் பயமில்லாமல் செய்ய முடிகிறது. உங்கள் பரிசோதனை முடியாத ஒருவருடைய நெஞ்சு நோவை நான் தொடவே மாட்டேன். நான் கதைப்பது பரிசோதனைக்குப் பிறகு வரும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டும்.

நம்மவர்கள் மனக்கஷ்டத்தைச் சொல்ல உடம்பைத்தான் எடுக்கிறார்கள். "மனம் சோர்ந்திருக்கு" என்று வந்து உட்கார்ந்தவர்கள் இத்தனை வருடத்தில் மிகக் குறைவு. நெஞ்சுக்குள் பாரம், தொண்டைக்குள் ஏதோ அடைக்குது, தலை விறைக்குது, ஈரக்குலை நடுங்குது, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி: இப்படித்தான் வருகிறார்கள். படிப்பறிவு குறைந்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. என்னிடம் வந்த ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் இதே சொற்களைத்தான் சொன்னார்கள். பள்ளியில் மெய்ப்பாடு எட்டு என்று மனப்பாடம் செய்தோமே, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று. மெய் என்றால் உடம்பு. அச்சம் உடம்பில் தோன்றும் என்று நம் தமிழ் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறது. "விசர்" என்று பெயர் எடுத்துவிடுவோம், அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்திருப்பது உண்மைதான். நெஞ்சு நோ என்று சொன்னால் யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஐம்பது வயது தாண்டியவர். ஒரு சொப்பிங் பேக் நிறைய ரிப்போட்டுகளோடு வந்தார். நாலு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ, வயிற்றுக்கு ஒரு கமரா. எல்லாம் நோர்மல். நெஞ்சின் நடுவில் யாரோ கல்லை வைத்த மாதிரி என்றார். இரவில் கூடும் என்றார். எதுவும் "நடந்ததா" என்று கேட்டேன். "அப்பிடி ஒண்டுமில்லை, எல்லாருக்கும் நடந்ததுதானே" என்று முடித்துவிட்டார்.

இரண்டு தரம் வந்தும் கதை நகரவில்லை. மூன்றாம் தரம் கதைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒழுங்கையில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்த பொடியன். அம்மா கதைப்பதை நிறுத்தவில்லை, முகமும் மாறவில்லை. ஆனால் நெஞ்சு அசையாமல் நின்றுவிட்டது. நான் மெதுவாகக் கேட்டேன்: "அம்மா, இப்ப மூச்சு எங்க நிக்குது?"

அவர் கீழே குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "விடேல்ல" என்றார்.

"விட வேணாம். அப்பிடியே நிக்கட்டும். என்ன செய்யுது அது?"

"காது குடுக்குது."

ஆட்களைக் கடத்துவதும் சுடுவதுமாக இருந்த போர்க்காலத்தில், 2006, 2007 இல், இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒழுங்கைக்குள் மோட்டார்சைக்கிள் வந்து நின்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். லாம்பை அணைத்துவிட்டு, மூச்சை அடக்கி, அது யார் வீட்டு வாசல் என்று கேட்டபடி இருந்திருக்கிறார். "மூச்சு விட்டாக்கூட வெளியில கேட்டிடும் எண்டு நினைப்பன்" என்றார். பிள்ளைகள் இன்று பத்திரமாக வெளிநாட்டில். அந்த நெஞ்சு மட்டும் ஒவ்வொரு இரவும் காவலுக்கு இருந்துகொண்டே வந்திருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளைப் பதினைந்து வருடத்துக்கு மேலாக இறுக்கிப் பிடித்தால் நோகாமல் என்ன செய்யும்?

நான் செய்யும் முறை இதுதான். நடந்ததை முதலில் இருந்து சொல்லுங்கள் என்று கேட்பதில்லை. கதைக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை வந்தவரே கவனிக்க உதவி செய்கிறேன். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், மாற்ற அவசரப்படாமல், இந்த நொடியில் இருப்பதை இருப்பதாகக் கவனிப்பது. மைண்ட்ஃபுல்னஸ் என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்கிறார்களே, அதுதான். அமெரிக்காவில் 1979 இல் ஜோன் கபாட்-சின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைத் தொடங்கியபோது அவரிடம் அனுப்பப்பட்டவர்களில் பலர் நாட்பட்ட நோவு உள்ளவர்கள், மருந்தால் தீராதவர்கள். அவர்களை அனுப்பியவர்கள் வைத்தியர்கள்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். இதே காலத்தில் ரொன் குர்ட்ஸ் என்பவர் ஹகோமி என்ற முறையில் இந்தக் கவனத்தை உளச்சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்தார். சிக்காகோவில் யூஜின் ஜென்ட்லின் சிகிச்சை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். கதையைச் சரளமாகச் சொல்பவர்களைவிட, நடுவில் தடுமாறி நின்று, சொல்ல வராத ஒன்றை உடம்புக்குள் தேடுகிறவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்று. என் அனுபவமும் அப்படித்தான். அந்த அம்மாவின் "காது குடுக்குது" அப்படித் தேடி எடுத்த சொல்.

வெளியில் இருந்து வந்த முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, செபம், தசைத் தளர்வு போன்ற நம் மக்களுக்குப் பழகிய வழிகளையே சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து வந்தவர். மூச்சை நீட்டி வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. இது உங்கள் பாடம். கோயிலில் பாடுகிறவர்களும் ஓதுகிறவர்களும் நெடுங்காலமாகச் செய்து வருவதும் அதைத்தான்.

வருகிறவர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வசதி இருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான் மேய்வதைப் பார்க்காதவர் இங்கே இல்லை. நாய் ஒன்று துரத்த வந்தால் மான் தலையைத் தூக்கும், காது விறைக்கும், உடம்பு முழுக்க இறுகும். நாய் போன பிறகு உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு மறுபடியும் புல்லுக்குக் குனியும். "உங்கட உடம்பு இன்னும் புல்லுக்குக் குனியேல்ல" என்று சொன்னால் கிண்ணியாவில் இருந்து வந்த உம்மாவுக்கும் விளங்குகிறது, கம்பஸ் பிள்ளைக்கும் விளங்குகிறது.

சில விஷயங்களில் கவனம் தேவை. கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லக் கூடாது. பெரிய பயத்தைக் கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடியதும் அந்தக் காட்சி திரும்பி வரும், மூச்சைக் கவனித்தால் இன்னும் மூச்சு முட்டும். அவர்களைக் கண் திறந்தே இருக்கவிட்டு, அறையில் உள்ள பொருட்களைப் பார்க்க வைத்து, தரையில் பாதம் படுவதைக் கவனிக்கச் சொல்லித் தொடங்குவேன். என் அறையின் ஒரு ஜன்னல் கடலைப் பார்க்கும். வருகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக் கதிரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். முதல் மாதமே ஒருவர் கடலைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து கதிரையை எங்கே போடுவது என்று வருகிறவரையே கேட்கிறேன். பலர் கதவு தெரியும் இடத்தையே கேட்கிறார்கள். அப்புறம், உடலைக் கவனிக்கும் சிகிச்சை என்றதும் தொட்டுச் செய்வதா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். சில மரபுகளில் தொடுவதும் உண்டு. நான் தொடுவதில்லை. பெண்கள் விரும்பினால் துணைக்கு வந்தவர் பக்கத்து அறையில், கதவு திறந்திருக்க இருக்கலாம்.

ஆய்வு ஆதாரம் எவ்வளவு என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டும். 2017 இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி நாட்பட்ட இடுப்பு நோவுக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்கச் சொன்ன வழிகளில் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியும் ஒன்று. பேரதிர்ச்சிக்குப் பிந்திய உளநெருக்கீட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பரிந்துரைத்தவை வேறு: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும், ஈ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவு முறையும். உடல்வழி முறைகளுக்கான ஆய்வுகள் அந்த அளவுக்கு இன்னும் சேரவில்லை. ஆகவே என்னிடம் வருகிற எல்லோருக்கும் இதுதான் மருந்து என்று நான் சொல்வதில்லை. கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், குரல் கேட்பது என்று தெரிந்தால் அன்றைக்கே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறேன். குளிசையை நிறுத்தச் சொல்லும் வழக்கம் என்னிடம் இல்லை.

உங்கள் துறையே ஒரு சுவரை இடித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு, பரிசோதனையில் காரணம் அகப்படாவிட்டால்தான் மனம் சம்பந்தப்பட்ட உடல் நோவு என்று பெயர் வைப்பார்கள். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்., 2013 இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பில், அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நோவும் அதைச் சுற்றிய பயமும் ஒருவரின் வாழ்க்கையைக் குலைக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி. நோ இருக்கிறதா இல்லையா என்று அங்கே யாரும் வாதாடுவதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். இளைஞர் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நித்திரை இல்லை, மெலிந்துகொண்டே போகிறார். வீட்டார் "யோசனை கூடிப்போச்சு" என்று கூட்டி வந்தார்கள். இரண்டு தரம் இருத்திக் கதைத்திருந்தால் நான் பெரிய பிழை விட்டிருப்பேன். முதல் நாளே உங்களில் ஒருவரிடம் அனுப்பினேன். தைரொயிட் அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. மருந்தில் தேறினார். எனக்கு நீங்கள் தேவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காசு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. நான் கட்டணம் வாங்கித்தான் வேலை செய்கிறேன். ஆகவே ஆள் பிடிக்க எழுதுகிறாள் என்று தோன்றலாம். ஆள் அனுப்புகிறவருக்குப் பங்கு கொடுக்க மாட்டேன், யாரிடமும் வாங்கவும் மாட்டேன். என்னிடமே அனுப்புங்கள் என்றும் கேட்கவில்லை. வைத்தியசாலையின் மனநலக் கிளினிக் இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அதுவும் இலவசம். இரவில் தனியாகத் தத்தளிக்கிறவருக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. நான் இன்னொரு கதவு, அவ்வளவுதான். உளவளத்துணையாளர் என்று பலகை போடுவதைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததால், எங்களை நீங்கள் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம். அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: எங்கே பயின்றாய், உன் வேலையை மேற்பார்வை செய்வது யார், உயிராபத்து என்று தெரிந்தால் என்ன செய்வாய்? பதில் சொல்ல முடியாதவரிடம் உங்கள் நோயாளியை அனுப்ப வேண்டாம். என்னையும் இப்படியே கேளுங்கள்.

சரி, "ஒண்டுமில்லை" என்பதற்குப் பதிலாக என்ன சொல்வது? நான் ஒன்றை முன்வைக்கிறேன், உங்கள் வாய்க்கு வருகிறபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"உங்கட இதயத்தை வடிவாப் பார்த்திட்டன், பழுதில்லை. ஆனா உங்களுக்கு நோகுது, அது உண்மை. கனகாலம் பயத்திலயும் கவலையிலயும் உடம்பு இறுகினாலும் இப்பிடி நோகும். அதுக்கும் வைத்தியம் இருக்கு."

மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். இருபது வினாடிக்குள் முடிந்தது. விரல் நுனி விறைக்கிறது, பாரிசவாதமோ என்று நடுங்கி வருகிறவருக்கு இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: பயத்தில் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும், அப்போதும் விரல் விறைக்கும். இந்த ஒரு வரியைக் கேட்டதும் தோள் இறங்குகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வைத்தியர் வாயால் கேட்டால் இன்னும் இறங்கும். நான் சொன்னால் "மிஸ் சொன்னவ" என்பார்கள். நீங்கள் சொன்னால் ஊரே ஏற்கும்.

அனுப்பும்போது கிளினிக் கொப்பியில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: என்னென்ன பரிசோதனை முடிந்தது, என்ன மருந்து போகிறது. அதே பரிசோதனைக்கு அவர் மறுபடியும் அலைய வேண்டியிருக்காது. நோயாளி சம்மதித்தால் நானும் இரண்டு வரி திருப்பி எழுதுவேன். அவர் சொன்ன கதையை எழுத மாட்டேன், அது அறைக்குள்ளேயே இருக்கும்.

மார்கழிக்கு முன்னால் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கி, டச்சுக்குடாவில் கடல் இரையத் தொடங்கியதும் உங்கள் கிளினிக்குகளில் நெஞ்சு நோவும் நித்திரையின்மையும் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். சுனாமி வந்த டிசெம்பர் 26 ஐ நாட்காட்டியில் பார்க்காதவர்களுக்கும் உடம்பு ஞாபகப்படுத்துகிறது. அப்படி வருகிறவரிடம், "ஒவ்வொரு வருசமும் இந்த மாசத்திலயா வாறது?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

அந்த அம்மா இன்னும் வருகிறார், மாதத்துக்கு ஒரு தரம். நோ முழுக்கப் போகவில்லை. மோட்டார்சைக்கிள் நின்றால் இப்போதும் மூச்சு நிற்கிறது. ஆனால் நின்றதை அவரே கண்டுபிடித்து, "பக்கத்து வீட்டுக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லி, நீளமாக விடுகிறார். சித்திரைக்குப் பிறகு ஈ.சி.ஜி. எடுக்கப் போகவில்லை. சொப்பிங் பேக்கை வீட்டில் அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் நான் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. கிளினிக் முடிந்து எத்தனை மணியானாலும் வாருங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்போம். கதிரையை எங்கே போடுவது என்று உங்களையும் கேட்பேன்.

அன்போடும் மரியாதையோடும்,
ஓர் உளவளத்துணையாளர்
திருகோணமலை